கையெழுத்து வராத பாட்டு

ஒலிப்பதிவுக் கூடத்தில் பெரியக்காவுக்கென்று தனியாக ஒரு நாற்காலி உண்டு. சக்கரம் இல்லாதது, கிறீச்சிடாதது. சாய்ந்துகொள்ள முதுகு இருந்தும் அவர் ஒரு நாளும் அதில் சாய்ந்ததில்லை. எழுபத்திரண்டு வயது. பெரிய மருத்துவமனை ஒன்றில் தலைமைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வார்டுக்குள் நுழைந்தால் மயக்கத்தில் கிடக்கிற நோயாளிகூட எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று அந்தக் காலத்தில் ஒரு கேலி இருந்தது. அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றிருந்தவன் அவருடைய தம்பி. அறுபத்தைந்து வயதாகியும் அவருக்கு அவன் தம்பிதான். ஊர் உலகத்துக்குப் பெரிய பாட்டுக்காரன். தானே எழுதி, தானே மெட்டுக் கட்டி, தானே பாடுகிறவன். நாற்பது வருடமாக அடுத்தவர் பாட்டில் ஒரு வரியைக்கூட மேடையில் தொடாதவன், இப்போது மற்றவர்கள் எழுதிய பாட்டாகப் பத்தைப் பொறுக்கியெடுத்து ஒரு தொகுப்புப் போடுகிறான். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னான்.

"இவங்க பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு வாய் திறந்துச்சு. மூச்சு இருக்கறப்பவே ஒரு வணக்கம் சொல்லிடறேன்."

இதில் பெரியக்காவின் வேலை கையெழுத்து வாங்குவது. பாட்டுக்கு ஒரு பழுப்புக் கோப்பு. எழுதியவரோ அவர் வாரிசோ சம்மதித்துக் கையெழுத்திட்ட தாள் கோப்பில் ஏறினால்தான் பதிவுக்கு நாள் குறிப்பார். நான்காவது பாட்டை எழுதியவர் இறந்துபோயிருந்தார். அவருடைய மகள் எட்டு மாதம் இழுத்தடித்தாள். இப்போதைக்குப் பாடி வைத்துக்கொள்ளலாம், கையெழுத்து பிறகு வரட்டும் என்று தயாரிப்பாளர் கெஞ்சிப் பார்த்தார். பெரியக்கா அசையவில்லை.

"கேக்காம எடுத்தா அதுக்கு வேற பேரு. எங்க வீட்ல யாரும் அந்தப் பேரை வாங்கினதில்லை."

எட்டு மாதமும் காத்திருந்தார்கள்.

அந்தக் கூடத்துக்கும் ஒரு வழக்கம் இருந்தது. பழைய நாளில் ஒலிநாடாக்கள் ஒன்றோடொன்று கலந்துபோய்ப் பெரிய ரகளை ஆனதிலிருந்து வந்த வழக்கம். ஒவ்வொரு முறை பாடத் தொடங்கும்போதும் பாடகரே பாட்டின் பெயர், எழுதியவர் பெயர், எத்தனையாவது தடவை பாடும் எடுப்பு என்று வாயால் சொல்ல வேண்டும். பிறகு அந்தத் துண்டை வெட்டிவிடுவார்கள். கேட்கிறவர்களுக்கு அது போய்ச் சேராது. ஆனால் அதைச் சொல்லாமல் அந்த ஒலிப்பதிவாளர் பாட விட மாட்டார்.

"அடுத்த வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டற மாதிரிதான் இது. கழட்டிட்டு உள்ள போங்க சார்," என்பார்.

ஒன்பதாவது பாட்டு அன்று மதியத்துக்குள் முடிந்தது. நான்காவது எடுப்பிலேயே நன்றாக அமைந்துவிட்டது. ஒலிப்பதிவாளர் நாற்காலியைத் திருப்பி, "பெரியக்கா, உங்க தம்பி தொண்டையில இன்னும் இருபது வருஷம் இருக்கு. உடம்புக்குத்தான் விஷயம் தெரியாது," என்றார்.

"ரொம்ப ஏத்தி விடாதீங்க. தலையில ஏறினா தொண்டைக்கு இறங்காது."

வெளியே வந்த தம்பி சிரிக்கவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தன் பைக்குள்ளிருந்து ஒரு பழுப்புக் கோப்பை எடுத்து அவர் மடியில் வைத்தான். பத்தாவது பாட்டை அவன் அதுவரை யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றே இரண்டு மாதம் ஓட்டியிருந்தான்.

பெரியக்கா கோப்பைத் திறந்தார். பாட்டின் பெயர் என்ற இடத்தில் 'எட்டாம் படி' என்று எழுதியிருந்தது. முதலில் அவன் ஏதோ நினைவுப் பிசகில் எழுதிவிட்டான் என்றுதான் நினைத்தார். அது அவனுடைய பாட்டு. அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த முதல் பாட்டு. கல்யாணங்களில் அதைப் போடாமல் பந்தி முடிவதில்லை. பிறகு அடுத்த வரியைப் பார்த்தார். எழுதியவர் என்ற இடத்தில் அவர் நாற்பத்து மூன்று வருடமாகப் பார்க்காத ஒரு பெயர் இருந்தது. அவர்களுடைய கடைசித் தங்கையின் பெயர். வீட்டில் அவளை வாலு என்று கூப்பிட்டார்கள், கூப்பிட்ட காலத்தில்.

கோப்பை மூடினார். "வெளியே வா," என்றார்.

ஒலிப்பதிவுக் கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. ஒரு கழுவுதொட்டி, டீ போடும் கெண்டி, கண்ணாடிக் குவளைகள். கதவைச் சாத்தினார்.

"என்னடா இது?"

"மத்தவங்க பாட்டுன்னு தொகுப்புப் போடறோம். அதுல இருக்க வேண்டிய பாட்டு அக்கா."

"அட்டையில உன் பேர் போட்டு நாற்பது வருஷம் ஆச்சு."

"நானா போட்டேன்? அன்னைக்கு அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி வந்து உங்ககிட்டக் கேட்டேன். என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. அவள் பெயர் அட்டையில் வரக் கூடாது, உன் பெயரைப் போடு என்று சொன்னவர் அவர்தான். அப்போது மணி என்ன, எந்த அறை, அவன் கையில் என்ன நிறத் தாள் என்பது வரைக்கும் ஞாபகம் இருந்தது.

இதற்கு மேல் சொல்ல, அவர்களுடைய அப்பாவைச் சொல்ல வேண்டும். அவர் கட்டட ஒப்பந்தக்காரர். பத்துப் பேர் நடுவில் குரலை உயர்த்தாமல் பேசி வேலை வாங்குகிறவர், நாலு பேருக்கு நல்லது செய்தவர், தெருவில் போனால் வணக்கம் கிடைக்கும். சாயங்காலம் வேலைத்தளத்திலிருந்து வந்ததும் அன்றைய வேலையைச் சொல்லச் சொல்ல, வாலு ஒரு பெரிய நாட்குறிப்பில் எழுதுவாள். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எவ்வளவு சிமெண்ட், எவ்வளவு மணல், யார் யார் வந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு மழைக்கால ஆரம்பத்தில், நாள் நெருக்குகிறது என்று சிமெண்டைக் குறைத்துப் படிக்கட்டுப் போடச் சொன்னார் அப்பா. அதையும் வழக்கம்போல அவளிடம் சொன்னார். வழக்கம்போல அவள் எழுதினாள். இரண்டு வாரம் கழித்து அந்தப் படிக்கட்டில் ஏறிய கொத்தனாரோடு அது இடிந்து விழுந்தது. ஏழு படி நின்றது. எட்டாவதிலிருந்து மேலே எதுவும் இல்லை. கொத்தனார் அங்கேயே போய்விட்டார்.

கலவையைக் குறைத்தது கொத்தனார்தான் என்று அப்பா சொன்னார். செத்தவர் மறுத்துப் பேசப் போவதில்லை. அந்த இரண்டு பக்கத்தை மட்டும் மாற்றி எழுதித் தா என்று மகளிடம் கேட்டார். பத்தொன்பது வயதுப் பெண் முடியாது என்றாள். விசாரணையில் நாட்குறிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்பா சிறைக்குப் போனார். பதினோராம் மாதம் உயிரில்லாத உடம்பாகத்தான் திரும்பி வந்தார். அடுத்த வருடம் அம்மா. இருபத்தொன்பது வயதில் வீட்டுக்குப் பெரியவளாகிவிட்ட அக்கா அன்று ஒரே ஒரு கட்டளை போட்டார்: அவள் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது.

தம்பியும் எடுக்கவில்லை. ஆனால் வாலு விட்டுப் போன பாட்டு நோட்டு அவன் அலமாரியில் இருந்தது. படிக்கட்டு இடிந்ததற்கும் விசாரணைக்கும் இடையிலான நாட்களில், துணி துவைக்கிற இடத்தில் உட்கார்ந்து அவள் அடித்தொண்டையில் முனகிய மெட்டு அவன் காதிலும் இருந்தது.

"இத்தனை வருஷம் இல்லாத ரோஷம் இப்ப எதுக்கு?" என்றார் பெரியக்கா.

"இப்பவும் ரோஷம் இல்லை. பயம்தான். நான் போய்ச் சேர்ந்தப்புறம் சமாதிக் கல்லுல அந்தப் பாட்டைத்தான் வெட்டுவாங்க. என் பேருக்குக் கீழ அவ வரி." தம்பி குவளை ஒன்றை எடுத்துக் கழுவத் தொடங்கினான். அது ஏற்கெனவே கழுவிய குவளை. "ஒன்பது பேர்கிட்டக் கையெழுத்து வாங்கினது நீங்க. இதையும் நீங்கதான் வாங்கணும். முகவரி உள்ளே இருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பதினேழு வருஷமாத் தெரியும். வாசல் வரைக்கும் ரெண்டு தடவை போயிருக்கேன். உள்ள போக முடியலை."

அன்றும் மறுநாளும் பெரியக்கா அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. குடும்பத்தின் பெயரை அவர் சும்மா காப்பாற்றிவிடவில்லை. சிறைக்குப் போனவர் மகள் என்ற பேச்சு முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த காலத்தில், முதுகை வளைக்காமல் நடந்து நடந்து அதை அடக்கியவர். தனக்கென்று ஒரு வீடு வாசல் வைத்துக்கொள்ளவில்லை. தம்பி பாட்டால் பெயர் வந்தபோதுதான் ஊர் பழையதை மறந்தது. இப்போது எழுதியவள் பெயரைப் போட்டால், யார் அவள், ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நேரே போய் நிற்கிற இடம் அப்பா.

மூன்றாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தார். போவது, ஆனால் கையெழுத்து வாங்க அல்ல. எனக்கு இதில் சம்மதமில்லை என்று அவளிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். பெயர் கிடைக்கிறது என்றால் யார்தான் விடுவார்கள். அவள் ஏதாவது கேட்பாள், பேரம் பேசுவாள், அழுவாள். அதையெல்லாம் சமாளித்துக்கொள்ளலாம் என்று தன் மேல் நம்பிக்கை இருந்தது.

முகவரி ஒரு சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது. மருத்துவமனை விரிப்புகளை மூட்டை மூட்டையாக வாங்கித் துவைத்துக் கொடுக்கிற இடம். வாசலிலேயே ஆவி முகத்தில் அடித்தது. சுவரோரம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த நாலு பெரிய இயந்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன. நடுவில் நீள மேசை. அதன் இரு முனையிலும் நின்று இரண்டு கிழவிகள் ஒரு வெள்ளை விரிப்பை இழுத்துப் பிடித்து, உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி பின்னால் நடந்து மடித்துக்கொண்டிருந்தார்கள். மடிப்பைப் பார்த்ததும் பெரியக்காவின் கண் தன்னையறியாமல் ஓரத்துக்குப் போனது. பிசிறில்லாமல் இருந்தது.

ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். ஒட்ட வெட்டிய நரைமுடி. விரிப்பைக் கீழே விடவில்லை. மடிப்பை முடித்து, அடுக்கில் வைத்து, கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வந்தாள். அந்த நடையைப் பெரியக்கா தினமும் கண்ணாடியில் பார்த்திருக்கிறார்.

"வாங்க பெரியக்கா. உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டீங்க. நின்னுக்கிட்டே பேசலாம்."

மற்றவள் கேட்டாள். "யாருடி?"

"எங்க அக்கா."

"எந்த அக்கா?"

"இருந்ததே ஒண்ணுதானே."

மற்றவள் மூக்குக்கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு, பெரியக்காவைக் காலிலிருந்து மேலே வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள். "டீ குடிக்கறீங்களா?"

"வேண்டாம்."

"நல்லது. மரியாதைக்குக் கேட்டேன். போட்டிருக்க மாட்டேன்."

"இவங்கதான் கொத்தனார் வீட்டம்மா," என்றாள் வாலு.

பெரியக்கா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"இவங்களோடயா இருக்க?"

"விசாரணை முடிஞ்ச அன்னைலேருந்து."

கொத்தனார் மனைவி அடுத்த விரிப்பை எடுத்துக்கொண்டே சொன்னாள். "கோர்ட்டு வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. போக்கிடம் இல்லைன்னு முகத்துலயே எழுதி ஒட்டியிருந்துச்சு. என் புருஷனைக் கொன்னவன் பொண்ணு. அடிக்கணும்னுதான் கிட்டப் போனேன். கூட்டிட்டு வந்துட்டேன். என் ரெண்டு பிள்ளைங்களையும் இவதான் படிக்க வெச்சா. புடிடி அந்த முனையை."

வாலு போய் முனையைப் பிடித்தாள். பெரியக்கா மேசையோரம் நின்றபடியே, வரும் வழியெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினார். ஒலித்தட்டைப் பற்றி, பத்தாவது பாட்டைப் பற்றி, பெயர் போட வேண்டும் என்று தம்பி பிடிவாதமாக நிற்பதைப் பற்றி.

"எனக்கு அதுல இஷ்டமில்லை. முகத்துக்கு நேராவே சொல்லிடறேன். அப்பா போய்ச் சேர்ந்துட்டார். அவரை மறுபடி தெருவுல இழுத்து விட எனக்கு மனசில்லை. சம்மதமில்லைன்னு நீ ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டா—"

வாலு சிரித்துவிட்டாள். பெரிய சிரிப்பில்லை. மூக்கால் ஒரு மூச்சு.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? கடிதாசு போட்டிருந்தா எழுதி அனுப்பியிருப்பேனே. எனக்குச் சம்மதமில்லை. தாளைக் கொடுங்க."

பெரியக்கா தாளைக் கொடுக்கவில்லை. வாங்க வந்தது சுலபமாகக் கைக்கு வந்துவிட்டது. நிம்மதி வர வேண்டிய இடத்தில் முகம் எரிந்தது. குடும்பம் தருகிற ஒன்றை இவள் கைநீட்டி வாங்கவில்லை.

"ஏன் வேண்டாங்கற? உன் பாட்டுதானே?"

"என் பேர் வந்தா, முன்னாடி அப்பா பேரும் சேர்ந்து வரும். எனக்கும் மானம்னு ஒண்ணு இருக்கு பெரியக்கா. உங்களுக்கு மட்டுமே எழுதிக் கொடுத்திருக்கா என்ன?" விரிப்பை மடித்தபடி நடந்து வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றாள். "இன்னொண்ணு. அது என் பாட்டு இல்லை. இவங்களுக்காகக் கட்டினது. முதல் தடவை முழுசா இவங்க வீட்லதான் பாடினேன். கடைசித் தடவையும் அதான்."

கொத்தனார் மனைவி நிமிரவில்லை. "போன வருஷம் என் பேத்தி கல்யாணம். மண்டபத்துல அந்தப் பாட்டைப் போட்டானுங்க. ஏழு கைத்தட்டு தட்டி, எட்டுன்னு வர்ற இடத்துல எல்லாரும் சேர்ந்து காலால தரையை இடிக்கறாங்களே, அது யாரு சொல்லிக் கொடுத்தது?"

பெரியக்காவுக்குத் தெரியும். மேடையில் தம்பிதான் அதை ஆரம்பித்து வைத்தான். கூட்டத்துக்குப் பிடித்துப்போய்விட்டது. ஏழு படி ஏறி வந்த காதலன் எட்டாவது படியில் கோபித்துக்கொண்டு காலை உதைக்கிறான் என்று அவர்களாக ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டார்கள்.

"என் பேத்தியும் இடிச்சா. நகையெல்லாம் குலுங்கச் சிரிச்சுக்கிட்டே. அவ தாத்தா விழுந்த சத்தம்னு அவளுக்குத் தெரியாது. கல்யாணப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது?"

ஒரு இயந்திரம் நின்றது. வாலு போய் அதன் கதவைத் திறந்து, ஈர விரிப்புகளைக் கூடையில் அள்ளினாள்.

"என் பேரைப் போடாம விட்டப்ப வலிச்சுது," என்றாள் குனிந்தபடியே. "ரெண்டு வருஷம் இருக்கும். அப்புறம் போயிடுச்சு. இந்த இடிக்கற சத்தம் போகலை. பேர் வேண்டாம். அண்ணாவை அதைப் பாடாம இருக்கச் சொல்லுங்க. அவ்வளவுதான். ஒன்பது பேர்கிட்டக் கேட்டுத்தானே எடுத்தீங்க? என்கிட்டயும் கேட்டாச்சு. இல்லைன்னு சொல்லியாச்சு."

சம்மதமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எழுத்து இன்னும் முத்து முத்தாகவே இருந்தது. வாசல் வரைக்கும் கூட வரவில்லை.

பெரியக்கா நேரே ஒலிப்பதிவுக் கூடத்துக்குத் திரும்பினார். வண்டியில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரமும் அவருக்குள் ஒரே வாக்கியம்தான் ஓடிக்கொண்டிருந்தது. கேட்காமல் எடுத்தால் அதற்கு வேறு பெயர். ஊருக்கெல்லாம் சொன்ன வாக்கியம். சொன்ன நேரத்தில் அவர் வீட்டு அலமாரியில் என்ன இருந்தது என்று ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்தாரா? இல்லை. மறைத்து வைத்தது திருட்டில்லை, கட்டுப்பாடு என்றே கடைசிவரை நம்பியிருந்தார்.

உள்ளே நுழைந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் தம்பி காதுக்கருவியை மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவன் காத்திருக்கவில்லை. கையெழுத்து எப்படியும் வந்துவிடும் என்று நினைத்திருப்பான். நாற்பத்து மூன்று வருடம் ஒதுங்கிக் கிடந்தவள் தன் பெயரை வேண்டாம் என்பாள் என்று அவனுக்கும் தோன்றவில்லை. அந்த வீட்டில் பிறந்தவர்கள் யாருக்குமே அது தோன்றியிருக்காது.

"எட்டாம் படி," என்றான் தம்பி ஒலிவாங்கியில். நிறுத்தினான். தொண்டையைச் செருமிக்கொண்டான். பிறகு எழுதியவர் பெயர் என்று சொல்லி, தங்கையின் பெயரை முழுதாகச் சொன்னான். சொல்லும்போது அவன் குரல், இருபத்திரண்டு வயதுப் பையனின் குரலாக ஒலித்தது. "எடுப்பு ஒண்ணு."

பெரியக்கா ஒலிப்பதிவாளரின் தோளுக்கு மேலே கையை நீட்டி, உள்ளே இருப்பவரோடு பேசுகிற பொத்தானை அழுத்தினார்.

"கையெழுத்து வரலை."

தம்பி கண்ணாடி வழியாகப் பார்த்தான். அவர் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவு தூரத்திலிருந்து வாசிக்க முடியாது. எழுத்தைத்தான் அடையாளம் கண்டிருப்பான். காதுக்கருவியைக் கழற்றிவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டான்.

பெரியக்கா உள்ளே போனார். பஞ்சு ஒட்டிய சுவர்களுக்குள் அவருடைய குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. சலவைக்கூடத்தில் பேசியதை ஒன்றுவிடாமல் சொன்னார். பேத்தி கல்யாணத்தையும் சொன்னார்.

தம்பி தன் உள்ளங்காலைப் பார்த்தான்.

"காலை இடிக்கறது நான் ஆரம்பிச்சது," என்றான்.

"தெரியும்."

"முந்நூறு பாட்டு எழுதியிருக்கேன் அக்கா. எல்லாம் என்னோடது. சத்தியமா என்னோடது. ஆனா எங்க போனாலும் அதைத்தான் கேக்கறாங்க. அது இல்லைன்னா நான் யாரு?"

ஆறுதல் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அவன் தோளில் கை வைத்தார். கடைசியாக அப்படி வைத்தது அம்மா இறந்த அன்று.

வெளியே வந்தபோது ஒலிப்பதிவாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பெரியக்கா, அறிவிப்பு மட்டும் பதிவாகியிருக்கு. பேரோட. வெச்சுக்கவா?"

அவர் அந்தச் சின்னப் பச்சை விளக்கைப் பார்த்தார். ஒரு தடவை அந்தப் பெயரை அழித்தது வீட்டு மானத்துக்காக. இந்தத் தடவை அவள் கேட்டதற்காக.

"அழிச்சிடுங்க," என்றார்.

ஒன்பது பாட்டோடு தொகுப்பு வந்தது. அட்டையில் ஒன்பது பேரின் பெயர்களும் தம்பியின் பெயரைவிடப் பெரிதாக இருந்தன. வெளியீட்டுக்கு ஒரு பழைய அரங்கத்தைப் பிடித்தார்கள். மரப்பலகைத் தரை, மடக்கு நாற்காலிகள், எண்ணூறு பேர். பெரியக்கா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒன்பதையும் தம்பி நன்றாகப் பாடினான். கைத்தட்டல் மரியாதையாக வந்தது. ஒன்பதாவது முடிந்ததும் பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "எட்டாம் படி," என்றது. உடனே பத்துக் குரல், நூறு குரல்.

தம்பி ஒலிவாங்கியைக் கையில் எடுத்தான்.

"அது என் பாட்டு இல்லை," என்றான். "எழுதினவங்க வேற. அவங்க பாட வேண்டாங்கறாங்க. இனிமே பாட மாட்டேன்."

கூட்டம் சிரித்தது. மற்றவர்கள் பாட்டாகவே பாடிய நாளில் இவருக்கு வந்த அடக்கத்தைப் பாரேன் என்பதுபோல, அன்பாகச் சிரித்தது. "அப்ப நாங்க பாடறோம் சார்," என்றான் ஒருவன். யாரோ தட்டத் தொடங்கினார்கள்.

'ஏழு படி ஏறி வந்தாய், எட்டாம் படி எங்கே போச்சு?'

எண்ணூறு பேரும் ஒரே குரலில் பிடித்துக்கொண்டார்கள். வரி எல்லோருக்கும் மனப்பாடம். தம்பி மேடையில் ஒலிவாங்கியைக் கீழே தொங்கவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றான். விளக்கு அவன் முகத்தில் இருந்தது.

பெரியக்கா எழுந்தார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். முதுகு நேராக இருந்தது. தலைமைச் செவிலியராக இருந்தபோது நீண்ட வார்டின் கடைசிக் கட்டில் வரைக்கும் எட்டிய அதே குரலில் சொன்னார்.

"அந்தப் படிக்கட்டைக் கட்டினது எங்க அப்பா. சிமெண்டைக் குறைச்சுக் கட்டினார். அதுல ஒரு மனுஷன் செத்தார். அதைச் சொன்ன எங்க தங்கச்சியை நாங்க வீட்டை விட்டு விலக்கினோம். அவ பாட்டையும் எடுத்துக்கிட்டோம்."

அப்பாவின் பெயரையும் சொன்னார். கொத்தனாரின் பெயரையும் தங்கையின் பெயரையும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. நாற்பத்து மூன்று வருடமாகப் பல்லைக் கடித்துக் காத்ததை எண்ணூறு பேர் முன்னால் முழுதாகச் சொல்லி முடித்தார்.

பாட்டு இரைச்சலில் ஒருவருக்கும் கேட்கவில்லை. முதல் வரிசையிலிருந்த ஒரு பெண், பெரியக்காவும் எழுந்து நின்று கூடவே பாடுகிறார் என்று நினைத்து, பூரித்துப்போய் அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். பக்கத்திலிருந்தவளுக்கும் சுட்டிக் காட்டினாள். யாரோ படம் எடுத்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கைத்தட்டல் ஏறிக்கொண்டே போனது. பெரியக்கா மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். ஐந்து. ஆறு. ஏழு.

எட்டாவதில் எண்ணூறு பேரும் காலைத் தூக்கித் தரையில் இடித்தார்கள். பலகை அதிர்ந்து அவருடைய காலுக்குள் ஏறியது.